பிக்-அப் லாரியின் பின்னிருசு: மாற்று மூடியும் எண்ணெய் மட்டமும்

போரடிக்கும் களத்தில் பிணையல் மாடுகள் சுற்றிவருகையில், உட்புறத்து மாடு நின்று நின்று அடியெடுத்து வைக்க, வெளிப்புறத்து மாடு ஏறக்குறைய ஓடவேண்டியிருப்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். வண்டி திரும்பும்போது அதன் சக்கரங்களுக்கும் இதே நிலைமை ஏற்படுகிறது. கட்டை வண்டியில் இதனால் தொல்லை ஒன்றுமில்லை. இருசு அசையாது நிற்க, இரண்டு சக்கரங்களும் அதன் முனைகளில் தனித்தனியே உருளுகின்றன. மோட்டார் லாரியிலோ, சக்கரங்களை உருட்டுவது எஞ்சினேயாதலால், இரண்டு சக்கரங்களுக்கும் பலத்தைக் கொடுக்கவும் வேண்டும். அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கவும் வேண்டும். இவ்விரண்டு காரியங்களையும் ஒருங்கே செய்யும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். லாரியின் பின்புறம் குனிந்து பார்த்தால், பின்னிருசின் நடுவில் பூசணிக்காய் போல் பருத்துத் தோன்றும் இரும்புக் கூட்டினுள் இது அமைந்திருக்கிறது.

வண்டி இருசுக்கு மசகு எப்படியோ, அப்படியே இக்கூட்டுக்குக் கியர் ஆயில். மசகு வற்றினால் வண்டி கிறீச்சிட்டு உடனே அறிவித்துவிடும். இக்கூட்டினுள் எண்ணெய் குறைந்தாலும் சரி, அளவுக்கு மீறினாலும் சரி, அநேக மைல் தூரம் வரையில் ஒரு சத்தமும் எழுவதில்லை. சத்தம் கேட்கத் தொடங்கும்போது பற்களும் பேரிங்குகளும் ஏற்கனவே கெட்டுப் போயிருக்கும். அமெரிக்காவில் இக்கூட்டின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் வேறு மூடியை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. லாரியைப் பாதுகாக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியமே சிற்சில சமயங்களில் அதைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அது எவ்வாறு என்பது, பார மோட்டார் வைத்திருக்கும் மிராசுதார்கள் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

அமெரிக்கக் குடியானவரின் வண்டி

பின்புறம் திறந்த தொட்டியுடன் கூடிய சிறு லாரியை, தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து விற்கும் வழக்கத்தை ஃபோர்டு கம்பெனியார் 1925-ஆம் ஆண்டில் தங்கள் மாடல்-டி வண்டியைக் கொண்டு தொடங்கினர். அப்போது அதன் விலை 281 டாலர். அதற்கு முன் குடியானவர்கள் மோட்டார் காரின் பின்பகுதியை அறுத்துவிட்டுப் பலகைத் தொட்டி அமைத்துக்கொள்வார்கள். இன்று அந்நாட்டுப் பண்ணைகளில் பிக்-அப் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வைக்கோல் கட்டுகள், கால்நடைகள், தானியம், டிராக்டர் ஆகியவற்றை ஏற்றிய இழுவை வண்டியைப் பின்னால் பூட்டி, நூற்றுக்கணக்கான மைல்கள் இழுத்துச் செல்கிறார்கள். பெரிய ரகங்கள் 10 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இழுக்கத்தக்கவையென்று செய்தவர்களாலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பாரத்தையும் நகர்த்தும் பலம் முழுவதும் பின்னிருசின் நடுவிலுள்ள இரண்டு பற்சக்கரங்களின் வழியாகவே சென்றாக வேண்டும். அவற்றுள் பெரியது கிரௌன் சக்கரம். அதைச் சுழற்றும் சிறியது பினியன்.

இந்தப் பினியன், கிரௌன் சக்கரத்தின் நடுமட்டத்துக்கு நேராக இராமல் சற்றுத் தாழ்ந்து அமைந்திருக்கும். இவ்வமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். 1920-களின் பிற்பகுதியில் பாக்கார்டு கார்களில் இது கையாளப்பட்டு, பின்னர் எங்கும் பரவிற்று. பற்கள் பெரிதாகவும் பலமாகவும் அமைவதும், சத்தம் குறைவதும் இதன் அனுகூலங்கள். ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல், அழுத்தத்துடன் வழுக்கிக்கொண்டும் செல்கின்றன. வழுக்கும் இடத்தில் சாதாரண எண்ணெயின் ஏடு கிழிந்துவிடும். ஆகையால்தான், மிகுந்த அழுத்தம் தாங்கும் மருந்துகள் சேர்த்த ஜி.எல்.-5 என்னும் தரத்து எண்ணெய் இவற்றுக்கு வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றுவது தவறு.

எண்ணெய் செல்லும் வழி

எஞ்சினில் எண்ணெயைத் தள்ளுவதற்குப் பம்பு உண்டு. லாரியின் பின்னிருசில் பெரும்பாலும் பம்பு இல்லை. அங்கே கிரௌன் சக்கரமே பம்பின் வேலையையும் செய்கிறது. அதன் கீழ்ப்பாகம் எண்ணெயில் முழுகியிருக்கும். சக்கரம் சுழலும்போது, ஏற்றச்சால் நீரை அள்ளுவதுபோல், பற்கள் எண்ணெயை அள்ளிக்கொண்டு பின்புறமாக மேலே ஏறி, உச்சியைத் தாண்டி முன்புறம் வீசுகின்றன. முன்புறத்தில் கூட்டின் வார்ப்பிலேயே ஒரு கால்வாய் இருக்கிறது. வீசப்பட்ட எண்ணெய் அதில் விழுந்து, பினியனைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளுக்கும் பாய்ந்து, மீண்டும் அடிக்கு வந்து சேருகிறது. பக்கவாட்டில் சிதறுவது இருசுக் குழாய்களின் வழியே சென்று, அநேக ரகங்களில் சக்கரங்களின் பேரிங்குகளையும் நனைக்கிறது.

வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்கன் ஆக்ஸில் கம்பெனியார் செய்யும் ஒரு பெயர்பெற்ற பின்னிருசில் கிரௌன் சக்கரத்தின் குறுக்களவு 11.5 அங்குலம், அதாவது 292 மில்லிமீட்டர். 2001 முதல் ஷெவர்லே பெரிய பிக்-அப்களிலும், 2003 முதல் டாட்ஜ் ராம் பெரிய பிக்-அப்களிலும் இது பொருத்தப்பட்டது. லாரி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, 32 அங்குல டயர் உள்ள வண்டியில், கிரௌன் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 650 தடவை சுற்றும்; அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் செல்லும். பினியனோ, 3.73 என்ற பல் விகிதத்தில், நிமிஷத்துக்கு 2,400 சுற்றுக்குமேல் சுழலும். இந்த வேகத்தில் சக்கரத்தை விட்டுப் பறக்கும் எண்ணெய் எதன்மேல் மோதுகிறது, மோதிய பின் எங்கே போகிறது என்பது அற்ப விஷயமன்று.

தொழிற்சாலையில் வரும் பின்மூடி பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்திச் செய்தது. பார்வைக்கு அது சட்டி மூடியைப்போல் எளியதாகத் தோன்றும். ஆனால் அதன் உட்புறம் கிரௌன் சக்கரத்தின் வளைவை ஒட்டியே வளைந்திருக்கிறது. சக்கரம் அள்ளிய எண்ணெய் அவ்வளைவைத் தழுவிக்கொண்டு, சிதறாமல், உச்சி வரையில் ஏறி முன்புறம் போய்ச் சேர அது உதவுகிறது. ஆகவே மூடி என்பது தூசியைத் தடுக்கும் கதவு மாத்திரமன்று. எண்ணெய் ஓடும் வாய்க்காலின் ஒரு கரையும் அதுவே.

மாற்று மூடிகள்

கடைகளில் விற்கும் மாற்று மூடிகள் பெரும்பாலும் கனத்த அலுமினிய வார்ப்புகள். வெளிப்புறத்தில் வரிவரியாகச் செதில்கள் இருக்கும். சில சதுரமாகவும், பின்புறம் தட்டையாகவும், ஆழம் மிகுந்தும் இருக்கின்றன. இவற்றின் விலை சில நூறு டாலர்கள். எண்ணெய் அதிகம் கொள்ளும், சூடு குறையும், வார்ப்பு உறுதியானது என்பவையே வியாபாரிகள் கூறும் குணங்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் அதிகமாயிருந்தால் சூடு குறையும் என்பது பாதி உண்மையே. ஒரே அடுப்பில் சிறு பானையையும் பெரிய அண்டாவையும் ஏற்றினால், அண்டா சூடேறக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். சந்தைக்குப் போய்த் திரும்பும் சிறு பயணத்தில் இந்தத் தாமதம் பிரயோஜனப்படலாம். பாரத்துடன் நாள் முழுவதும் ஓடும் வண்டியில், உண்டாகும் சூட்டுக்கும் வெளியேறும் சூட்டுக்கும் சமநிலை ஏற்படும் வரையில் எண்ணெய் காய்ந்துகொண்டேதான் போகும். எண்ணெய் அதிகமாயிருப்பதாலேயே அச்சமநிலை தாழ்ந்துவிடாது. அலுமினியமும் செதில்களும் சூட்டை வெளியே கடத்த உதவக்கூடும் என்பது மெய்யே. ஆனால் உள்ளே எண்ணெய் நுரைத்துக் கிடந்தால் அது மூடிக்குச் சூட்டை நன்கு கொடுப்பதில்லை. காற்றுக் குமிழி சூட்டைக் கடத்தாப் பொருள். மேலும், எண்ணெயை வீணாகக் கடைவதே புதுச் சூட்டை உண்டாக்குகிறது.

தட்டையான பின்புறத்தால் நேரும் கெடுதல் இதனினும் பெரிது. சக்கரத்தின் வேகத்தில் வரும் எண்ணெய், வளைவு இல்லாத சுவரில் நேரே மோதிச் சிதறுகிறது. ஒரு பங்கு மீண்டும் சக்கரத்தின்மேலேயே விழுகிறது. மோர் கடையும்போது நுரை திரளுவதுபோல் எண்ணெயில் காற்றுக் கலக்கிறது. முன்புறக் கால்வாய்க்குப் போய்ச் சேரவேண்டிய எண்ணெய் குறைந்து, பினியன் பேரிங்குகளுக்கு நுரை மாத்திரமே மிஞ்சக்கூடும். கலிபோர்னியாவில் எஞ்சின் வேலையில் வெகுகாலம் பெயர்பெற்ற கேல் பாங்க்ஸ் என்பவர் 2018-19-ஆம் ஆண்டுகளில் இதைச் சோதித்து, ஒளி ஊடுருவும் மூடிகளைப் பூட்டி, உள்ளே எண்ணெய் ஓடும் விதத்தைப் படம் பிடித்து வெளியிட்டார். வளைந்த மூடியில் எண்ணெய் ஒழுங்காகச் சுற்றுவதும், தட்டை மூடியில் கலங்கி நுரைப்பதும் அவற்றில் கண்கூடாகத் தெரிந்தன. அவரே வளைந்த மூடி ஒன்றைச் செய்து விற்பவராதலால், தம் சரக்கைப் புகழும் வியாபாரியின் வாக்கு இது என்று சிலர் ஒதுக்கினர். வியாபாரியின் பேச்சை நிறுத்துப் பார்ப்பது நல்ல வழக்கமே. ஆயினும் அவருடைய சோதனையில், தொழிற்சாலையில் வந்த சாதாரணத் தகட்டு மூடியே விலையுயர்ந்த தட்டை மூடிகளைவிட எண்ணெயை நன்றாக நடத்தியதென்பது கவனிக்கத்தக்கது. அதை எவரும் புதிதாக விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை.

இதனால் மாற்று மூடிகள் யாவும் பயனற்றவை என்று முடிவுகட்டிவிடலாகாது. கற்பாறைகளும் மரக்கட்டைகளும் நிறைந்த மலைப் பாதைகளில் மெல்லிய தகடு நசுங்கிக் கிரௌன் சக்கரத்தில் உராயக்கூடும். அங்கே கனத்த எஃகு மூடி அவசியம். அநேகத் தொழிற்சாலை மூடிகளில் எண்ணெயை வடிக்கத் துளையில்லை. மூடியையே கழற்றி, கையும் தரையும் எண்ணெயாகும்படி வடிக்கவேண்டியிருக்கிறது. மாற்று மூடியில் வடிதுளையும், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தமும் இருப்பின், எண்ணெய் மாற்றும் வேலை காலாகாலத்தில் நடக்கும். வேலை எளிதானால்தான் அது நடக்கும் என்பது பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சில மூடிகளில், உள்ளேயிருக்கும் பேரிங் பட்டங்களை அழுத்தித் தாங்கும் திருகுகளும் உண்டு. மிகுந்த பலத்துடன் ஓட்டுபவர்களுக்கு அவை உதவக்கூடும். பண்ணை வேலைக்கு அவசியமென்று தோன்றவில்லை.

எவ்வளவு என்பதல்ல, எந்த மட்டம் என்பதே

மூடியின் வடிவத்தைவிட அதிக நஷ்டத்தை உண்டாக்குவது எண்ணெய் மட்டத்தைப்பற்றிய தவறே. வழக்கமாக எண்ணெய் ஊற்றும் துளையே மட்டத்தைக் காட்டும் அடையாளமுமாகும். துளையின் கீழ்விளிம்பு வரையில் எண்ணெய் நின்றால் சரி என்பது பொது விதி. சில வண்டிகளுக்குத் துளைக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே நிற்கவேண்டுமென்று செய்தவர்களின் புத்தகம் கூறுகிறது. ஆகையால் முதலில் புத்தகத்தைப் பார்க்கவேண்டும்.

மாற்று மூடியில் இத்துளை பழைய இடத்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. துளை ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால், வழிய வழிய ஊற்றும்போது எண்ணெயும் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். வாங்கியவர், 'கூடுதல் எண்ணெய் கொள்ளுகிறது' என்று மகிழ்ச்சியே அடைவார். உண்மையில் கிரௌன் சக்கரம் இப்போது ஆழமான சேற்றில் இறங்கிய ஏர் மாட்டைப்போல் உழைக்கிறது. சூடு ஏறுகிறது, நுரை பொங்குகிறது, பலம் வீணாகிறது. எண்ணெய் இருசுக் குழாய்களில் வழிந்து, சக்கரத்தருகிலுள்ள சீல்களைத் தாண்டினால், பிரேக் கட்டைகளில் படிந்துவிடும். பாரத்துடன் இறக்கத்தில் வரும் வண்டியில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

எண்ணெயின் அளவு வேறு, மட்டம் வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். மூடி ஆழமாயிருந்தால், மட்டம் மாறாமலே கூடுதல் எண்ணெய் பிடிக்கும், அதனால் கெடுதலில்லை. புத்தகத்தில் குறித்த லிட்டர் கணக்கையே ஆழமான மூடிக்கும் ஊற்றினாலோ மட்டம் தாழ்ந்துவிடும். அது பினியன் பேரிங்குக்கு ஆபத்து. ஆகையால் புது மூடி போடுபவர், பழைய மூடியைக் கழற்றுமுன், இருசுக் குழாயின் நடுமட்டத்துக்கும் பழைய மூடியின் துளை விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். புது மூடியில் துளை எங்கேயிருந்தாலும், எண்ணெய் அந்தப் பழைய உயரத்திலேயே நிற்கவேண்டும். வடிதுளையில் ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாயைப் பொருத்தி மேலே தூக்கிப் பிடித்தால், கொத்தர்கள் நீர்க்குழாயால் மட்டம் பார்ப்பதுபோல், உள்ளே எண்ணெய் நிற்கும் உயரம் வெளியே தெரியும். துளை உயர்ந்திருக்கும் மூடிகளுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

வில்லுகளின்மேல் கட்டை வைத்து லாரியை உயர்த்திக்கொள்வது அமெரிக்க இளைஞர்களிடையே ஒரு மோகமாக இருந்து வருகிறது. அப்போது பலர் பின்னிருசையும் சாய்த்து, பினியனின் மூக்கை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். பினியன் உயரும்போது பின்புறத்துத் துளை தாழ்கிறது. துளை மட்டத்துக்கு ஊற்றிய எண்ணெய் இனிப் பழைய மட்டத்துக்கும் கீழே. அதை எட்டவேண்டிய முன் பேரிங்கோ முன்னிலும் மேலே. இப்படிச் சாய்த்த வண்டிக்கு மாத்திரம் துளை மட்டத்துக்குச் சற்று மேலாகவே எண்ணெய் நிற்பது உசிதம். பண்ணை வண்டியை உயர்த்தாமல் விட்டுவிடுவது அதனினும் உசிதம்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். ஓடிவந்தவுடன் பார்த்தால், பெரும் பகுதி குழாய்களிலும் பற்களிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டம் குறைவாகத் தோன்றும். துளையைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்பே திருகைக் கழற்றவேண்டும். எண்ணெய் மாற்றுபவர்கள் முதலில் திறக்கவேண்டியது ஊற்றும் துளையே, வடிதுளையன்று. துருப்பிடித்து அது திறக்க வராவிட்டால், எண்ணெயை வடித்துவிட்ட வண்டி ஊற்ற வழியின்றி நின்றுவிடும். விரல் எட்டாத இடத்தில், முனையை வளைத்த கம்பியொன்றை விட்டு ஆழம் பார்க்கலாம். சக்கரங்களின் பேரிங்குகளும் இதே எண்ணெயால் நனையும் ரகங்களில், சக்கர வேலை செய்த பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் மாறி மாறிச் சில நிமிஷம் உயர்த்தி எண்ணெயைக் குழாய்களில் ஓடவிட்டு, மீண்டும் சமதரையில் மட்டத்தைச் சரிபார்ப்பது அவசியம்.

காந்தத் திருகில் சாந்துபோன்ற சாம்பல்நிறப் பொடி படிந்திருப்பது இயல்பே. கைக்குத் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் வண்டியை ஓட்டாமல் திறந்து பார்க்கவேண்டும். புதிதாகக் கிரௌனும் பினியனும் மாற்றிய வண்டிக்கு முதல் 800 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்காதபடி உள்ளே உராய்வுத் தட்டுகள் அமைந்த ரகங்களுக்கு, எண்ணெயோடு தனிச் சேர்மானமும் வேண்டியிருக்கலாம். அதையும் புத்தகமே கூறும்.

இந்நாட்டில் மாற்று மூடி வாங்க நினைப்பவர்கள், தங்கள் வண்டிக்குக் கழற்றும் பின்மூடி உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பற்சக்கரங்கள் முன்புறமாகப் பூட்டப்பட்டு, பின்புறம் மூடிய கூடாகவே இருக்கிறது. அங்கே மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. மட்டம் பார்க்கும் வேலை மாத்திரம் எல்லா ரகங்களுக்கும் பொது.

கூட்டின் மேற்புறத்தில் ஒரு சிறு மூச்சுக்குழல் இருப்பதை அநேகர் பார்த்திருக்கவே மாட்டார்கள். எண்ணெய் காயும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியே வெளியேறுகிறது. அது மண்ணால் அடைபட்டால், மட்டம் சரியாயிருந்தும் எண்ணெய் சீல்களின் வழியே கசியும். புதுச் சீல் போட்டும் கசிவு நிற்காத வண்டிகளில் முதலில் இதைப் பார்ப்பது நலம். வாய்க்காலையோ வெள்ளத்தையோ கடக்கும்போது, சூடான கூடு திடீரென்று குளிர்ந்து உட்காற்றுச் சுருங்குவதால், அக்குழல் வழியாகவும் சீல்களின் வழியாகவும் நீர் உள்ளே இழுக்கப்படும். அப்படிக் கடந்து வந்த வண்டியில், திருகைக் கழற்றிப் பார்க்கும்போது எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால், மட்டம் எவ்வளவு சரியாயிருந்தபோதிலும், அடுத்த பாரம் ஏற்றுவதற்குமுன் அதை முழுவதும் வடித்து மாற்றிவிட வேண்டும்.